மித்ரோவிட்சாவிலிருந்து மொட்டைத் தீவு வரை

சிறைகளைப் பற்றிச் சிறைப்பட்டவர்களே எழுதியவற்றை நான் பல ஆண்டுகளாகத் தேடி வாசித்து வருகிறேன். அந்த வாசிப்பின் நடுவே யுகோஸ்லாவியாவைச் சேர்ந்த ஒருவரின் பெயர் இரண்டு வெவ்வேறு இடங்களில் எதிர்ப்பட்டது. 1930களில் மன்னராட்சியின் சிறைகளில் அடைபட்டிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அவர் அதிகம் பேசாத, நம்பத் தகுந்த ஒரு தையல் தொழிலாளி. 1949க்குப் பிறகு ஏட்ரியாட்டிக் கடலின் ஒரு பாறைத் தீவில் அடைக்கப்பட்ட கம்யூனிஸ்டுகளுக்கு அவர் உள்துறை அமைச்சர். தங்களை அந்தத் தீவுக்கு அனுப்பிய இரகசியப் போலீஸின் தலைவர். அலெக்ஸாண்டர் ரான்கோவிச் என்ற அந்த மனிதரின் வாழ்க்கையை, அவர் அடைபட்டிருந்த சிறைக்கும் அவருடைய துறை கட்டிய சிறைக்கும் இடையில் வைத்துப் பார்த்தால்தான் எனக்கு ஓரளவு பிடிபடுகிறது. பதவி வந்ததும் ஆள் மாறிவிட்டார் என்று சொல்லி முடித்துவிட என்னால் இயலவில்லை. அவர் மாறாமல் இருந்ததுதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது.

ரான்கோவிச் 1909 நவம்பர் 28 அன்று, பெல்கிரேடுக்குத் தென்மேற்கே ஒப்ரெனோவாட்ஸை அடுத்த திராஷெவாட்ஸ் என்ற சிற்றூரில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, பிழைப்புக்காகப் பெல்கிரேடுக்கு வந்து தையல் தொழில் பழகினார். அங்கே தொழிற்சங்கமும், தொழிற்சங்கத்தின் வழியாகக் கட்சியும் அவரைச் சேர்த்துக்கொண்டன. 1928ல் அவர் உறுப்பினரானபோது கட்சி தடை செய்யப்பட்டு எட்டு ஆண்டுகள் ஆகவிருந்தன. 1929 ஜனவரி 6 அன்று மன்னர் அலெக்ஸாண்டர் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தனியாட்சியை அறிவித்தார்; அதே மாதத்தில் ரான்கோவிச் கைதானார். ஆறு ஆண்டுத் தண்டனை. சிறைக்குள் போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது, வெளியே வந்தபோது இருபத்தைந்து.

ஸ்ரெம்ஸ்கா மித்ரோவிட்சா, லெபோக்லாவா என்ற அந்தச் சிறைகளை யுகோஸ்லாவியக் கம்யூனிஸ்டுகள் தங்கள் பல்கலைக்கழகம் என்றே அழைத்தார்கள். அது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. பதினான்கு ஆண்டுகளைச் சிறையில் கழித்த ஓவியரும் பத்திரிகையாளருமான மோஷா பியாடே, மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலைச் சக கைதி ஒருவரோடு சேர்ந்து அங்கேதான் செர்பிய மொழிக்குக் கொண்டுவந்தார். வெளியிலிருந்து வரும் உணவுப் பொட்டலங்களைக் கைதிகள் பொதுவில் வைத்துப் பங்கிட்டார்கள். படித்தவர்கள் படிக்காதவர்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். உண்ணாவிரதம் இருந்து, அரசியல் கைதிகளாக ஒன்றாக வாழும் உரிமையைப் போராடிப் பெற்றார்கள். ஆரம்பப் பள்ளிக்கு மேல் அதிகம் போகாத ஒரு தையல்காரப் பையன் அங்கேதான் கட்சிக்காரராக உருவானார். பிற்காலத்தில் அவரோடு அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்ட மிலோவான் ஜிலாஸும் மித்ரோவிட்சாவில் இருந்தவர்தான்.

சிறைச் சுவருக்குள் ஒருவரையொருவர் கைவிடாமல் இருப்பதைப் போலவே, அவர்கள் கற்ற இன்னொரு பாடமும் இருந்தது: போலீஸுக்கு முன்னால் ஒருவர் எப்படி நடந்துகொண்டார் என்பதே அவரை அளக்கும் அளவுகோல். அடி தாங்க முடியாமல் ஒரு பெயரைச் சொன்னவருக்குக் கட்சியில் இடம் இல்லை. விடுதலையாகி வரும் ஒவ்வொரு தோழரின் நடத்தையும் விசாரிக்கப்பட்டது. யார் உறுதியாக நின்றார், யார் தளர்ந்தார், யார் மூலம் எந்த வீடு போலீஸுக்குத் தெரிந்தது என்பதெல்லாம் நினைவில் வைக்கப்பட்டன. தடை செய்யப்பட்ட ஓர் இயக்கம் உயிரோடு இருக்க இது இல்லாமல் முடியாது என்பதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இந்த வேலை ஒரு மனிதருக்குள் என்ன பழக்கங்களை விதைக்கும் என்பதையும் யோசிக்க வேண்டும். 1930களின் பிற்பகுதியில் டிட்டோ கட்சியைத் தன் தலைமையில் புதிதாகக் கட்டியபோது ரான்கோவிச் மத்தியக் குழுவுக்கு வந்தார். 1940ல் அரசியல் குழுவுக்கும் வந்தார். அமைப்புப் பணியும் ஊழியர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அவரிடம் சேர்ந்தன. தலைவர்களில் ஒருவரான எட்வர்ட் கார்டெல்ய் கோட்பாடு எழுதினார், ஜிலாஸ் பிரச்சாரம் செய்தார். தோழர்கள் ‘லெகா’ என்று அழைத்த ரான்கோவிச்சோ ஆட்களைத் தெரிந்து வைத்திருந்தார்.

1941 ஏப்ரல் 6 அன்று ஜெர்மன் விமானங்கள் பெல்கிரேடு மீது குண்டு வீசின. இரண்டு வாரத்துக்குள் நாடு வீழ்ந்தது. ஜூலை 4 அன்று பெல்கிரேடின் தெதின்யே பகுதியில், ஒரு பெரும் நாளிதழின் உரிமையாளரான விளாதிஸ்லாவ் ரிப்னிக்காரின் வீட்டில் கட்சியின் அரசியல் குழு கூடி, ஆயுதப் போராட்டத்தைத் தொடங்க முடிவெடுத்தது. டிட்டோ, ரான்கோவிச், ஜிலாஸ், ஸ்ரேத்தன் ஷுயோவிச் உள்ளிட்ட சிலரே அந்த அறையில் இருந்தார்கள். அந்தப் பெயர்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவர்களில் இருவர் இந்தக் கதையில் மீண்டும் வருவார்கள்.

அதே மாத இறுதியில் ரான்கோவிச் பெல்கிரேடில் பிடிபட்டார். கடுமையாக அடித்து உதைத்த பிறகு, காயங்களோடு அவரைக் காவல் போட்டு ஒரு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். ஜூலை 29 அன்று, ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த ஒரு தலைநகரின் நடுவில், பட்டப் பகலில், தலைமறைவாக இருந்த கம்யூனிஸ்ட் இளைஞர்கள் அந்த மருத்துவமனைக்குள் புகுந்து அவரை மீட்டுக்கொண்டு போனார்கள். நான் இந்த நிகழ்ச்சியைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு தோழருக்காக ஓர் இயக்கம் தன் நகரக் கிளையின் பெரும்பகுதியை ஒரே பகலில் பணயம் வைத்தது. அவரிடம் இருந்த இரகசியங்கள் எதிரியின் கைக்குப் போய்விடும் என்ற அச்சமும் அதில் இருந்திருக்கும். ஆனால் காவலைத் தாண்டி உள்ளே போன அந்த இளைஞர்களைக் கணக்கு மட்டும் நடத்தியிருக்காது. மித்ரோவிட்சாவில் ரொட்டியைப் பங்கிட வைத்த அதே பிணைப்புதான் அவர்களையும் நடத்தியது என்று நம்புகிறேன்.

அடுத்த நான்கு ஆண்டுகள் அவர் டிட்டோவின் தலைமையகத்தோடு மலைகளிலும் காடுகளிலும் அலைந்தார். இயக்கத்திலேயே இருந்த அவருடைய மனைவி ஆஞ்ஜா 1942ல் ஹெர்செகோவினாவில் கொல்லப்பட்டார். இது போன்ற ஒரு வரியை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் அந்தப் போரில் ஏறத்தாழ ஒவ்வொரு வீட்டின் கதையும் இப்படித்தான், ஒரு வரியில் ஒரு மரணமாக, முடிகிறது.

1944 மே 13 அன்று, போர் இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே, டிட்டோவின் ஆணைப்படி ஓஸ்னா உருவானது. மக்கள் பாதுகாப்புத் துறை என்பது அந்தப் பெயரின் பொருள். தலைமை ரான்கோவிச்சிடம் தரப்பட்டது. வெளிநாட்டு உளவு, விடுவிக்கப்பட்ட பகுதிகளில் எதிர் உளவு, படைக்குள் பாதுகாப்பு, பதிவுகளும் தொழில்நுட்பமும் என்று நான்கு பிரிவுகள். கட்சியின் ஊழியர் பொறுப்பாளராக இருந்து ஒவ்வொருவரின் வரலாற்றையும் அறிந்தவர் நாட்டின் பாதுகாப்புத் துறைக்கும் தலைவரானபோது, அதை ஒரு திருப்பமாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் ஏற்கெனவே செய்துவந்த வேலையின் நீட்சி அது. முன்பு அவர் காத்தது ஒரு சிறு தலைமறைவுக் கட்சியை, இப்போது ஓர் அரசை. தலைமறைவுக் காலத்தில் அவரிடம் தோழர்களைப் பற்றிய நினைவு மட்டுமே இருந்தது. இப்போது கோப்பும் சிறையும் துப்பாக்கிப் படையும் சேர்ந்துகொண்டன. ‘ஓஸ்னா ஸ்வே தோஸ்னா’, அதாவது ஓஸ்னாவுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எதுகையோடு ஒரு சொலவடை மக்களிடம் புழங்கத் தொடங்கியது.

1944 அக்டோபர் 20 அன்று பெல்கிரேடு விடுதலையானது. அதைத் தொடர்ந்த மாதங்களைப் பற்றி எழுதும்போது, டிட்டோவின் கெரில்லாப் படையினரான பார்ட்டிசான்களின் தியாகத்தை மதிக்கும் எவரும் தயங்கக் கூடாது என்று நினைக்கிறேன். எதிரிகளோடு கூட்டுச் சேர்ந்தவர்கள் என்று குற்றம் சாட்டப்பட்டோர் விசாரணையே இல்லாமல் சுடப்பட்டார்கள். 1945 மே, ஜூன் மாதங்களில், சரணடைந்த எதிர்ப்படையினரும் அவர்களோடு ஓடி வந்த பொதுமக்களுமாகப் பல்லாயிரம் பேர் ஸ்லோவேனியாவின் காடுகளிலும் குழிகளிலும் கொல்லப்பட்டார்கள். கோச்செவ்ஸ்கி ரோக் என்ற காட்டின் பெயரும் தெஸ்னோ என்ற இடத்தின் பெயரும் அங்கே இன்றும் தாழ்ந்த குரலில்தான் உச்சரிக்கப்படுகின்றன. ஹூதா யாமா என்ற இடத்தில் அடுக்கடுக்காகச் சுவர் எழுப்பி மூடப்பட்ட ஒரு சுரங்கத்தை 2009ல் திறந்தபோது, உள்ளே 1945ஆம் ஆண்டின் பிணங்கள் கிடந்தன. கொல்லப்பட்டவர்களில் கொடுமைகள் செய்தவர்கள் நிச்சயமாக இருந்தார்கள். யார் என்ன செய்தார் என்று கேட்க ஒரு நீதிமன்றம் இருக்கவில்லை என்பதே குற்றம்.

செட்னிக்குகள் எனப்பட்ட, மன்னராட்சியை ஆதரித்த செர்பியப் படையின் தளபதி திராஷா மிஹைலோவிச்சைப் பொறுத்தவரை நீதிமன்றம் இருந்தது. 1946 மார்ச்சில் ஓஸ்னா அவரைத் தந்திரமாகப் பிடித்தது. ஜூலை 17 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2015ல் பெல்கிரேடு உயர் நீதிமன்றம் அந்தப் பழைய தீர்ப்பை ரத்து செய்தது. அதைப் பற்றிய சச்சரவு செர்பியாவில் இன்னும் ஓயவில்லை. 1946லேயே ஓஸ்னா இரண்டாகப் பிரிந்து, இராணுவப் பகுதி தனியாகப் போய், குடிமக்களைக் கவனிக்கும் பகுதி உட்பா என்ற பெயரைப் பெற்றது. உள்துறை அமைச்சராக ரான்கோவிச் அதன் மேலே இருந்தார்.

இனி 1948. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அந்த ஆண்டு மார்ச் 27 அன்று மாஸ்கோவிலிருந்து வந்த கடிதம், ரான்கோவிச் உட்பட நான்கு தலைவர்களைச் சந்தேகத்துக்குரிய மார்க்சியவாதிகள் என்று பெயர் சொல்லித் தாக்கியது. கட்சியின் ஊழியர் பொறுப்பாளரே அரசுப் பாதுகாப்பு அமைச்சராகவும் இருக்கிறார், கட்சி பாதுகாப்புத் துறையைக் கண்காணிப்பதற்குப் பதிலாக அந்தத் துறை கட்சியைக் கண்காணிக்கிறது என்று ஸ்டாலினின் தலைமை அதில் குறை கூறியது. சொன்னவரின் கை எவ்வளவு கறை படிந்தது என்பதை மறக்காமலேயே, சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஜூன் 28 அன்று சோவியத் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான கோமின்ஃபோர்மிலிருந்து யுகோஸ்லாவியக் கட்சி விலக்கப்பட்டது. அன்றுவரை சோவியத் யூனியனை நேசிப்பதே ஒரு கம்யூனிஸ்டின் முதல் கடமை என்று கற்பிக்கப்பட்டிருந்த கட்சியில், அந்த நேசம் ஒரே வாரத்தில் குற்றமாகியது. எல்லையில் சோவியத் அணியின் படைகள் நின்றன. படையெடுப்பு பற்றிய அச்சம் கற்பனை அல்ல. உளவாளிகளும் இருந்தார்கள். ஆனால் கைதானவர்களில் பெரும்பாலோர் ஒரு கூட்டத்தில் தயங்கியவர்கள், ஒரு கேள்வி கேட்டவர்கள், யாரோ ஒருவர் அப்படிக் கேட்டதைச் செவிமடுத்தும் புகார் செய்யாதவர்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் போரிட்டவர்களும் 1941லேயே காட்டுக்குப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். 1941 ஜூலை 4 அன்று ரிப்னிக்கார் வீட்டில் அமர்ந்திருந்த ஷுயோவிச்சும் கைதானார்.

1949 ஜூலையில் முதல் தொகுதிக் கைதிகள் கோலி ஓட்டோக்கில் இறக்கப்பட்டார்கள். ‘மொட்டைத் தீவு’ என்பது அந்தப் பெயரின் நேரடிப் பொருள். குரோஷியக் கரையை ஒட்டிய அந்தத் தீவில் கோடையில் பாறை கொதிக்கும். குளிர்காலத்தில் போரா என்னும் வறண்ட காற்று உடலை அறுக்கும். 1956 வரை ஏறத்தாழ 13,000 பேர் அதன் வழியாகப் போனார்கள். சுமார் 400 பேர் அங்கே இறந்தார்கள். பெரும்பாலோருக்கு நீதிமன்றமே கிடையாது. ‘சமூகத்துக்குப் பயனுள்ள உழைப்பு’ என்ற பெயரில், நிர்வாக ஆணையாலேயே இரண்டு ஆண்டு வரை அனுப்பலாம். முடிந்ததும் மீண்டும் நீட்டலாம். படகிலிருந்து இறங்கும் புதிய கைதி, இருபுறமும் வரிசையாக நிற்கும் பழைய கைதிகளுக்கு நடுவே ஓட வேண்டும். ஒவ்வொருவரும் அவரை அடிக்க வேண்டும். மெதுவாக அடிப்பவர் அடுத்து அந்த வரிசைக்கு நடுவே ஓடுவார். ‘சூடான முயல்’ என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். தவறை ஒப்புக்கொள்ளாதவர் ‘பகிஷ்கரிப்பு’க்கு உள்ளாவார், அவரோடு யாரும் பேசக் கூடாது, மிகக் கடினமான கல் சுமக்கும் வேலை அவருக்கு, இரவில் தூக்கமும் இல்லை. கற்களை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குச் சுமந்து, பிறகு அங்கிருந்து பழைய இடத்துக்கே சுமந்தார்கள். பாறையில் நட்ட மரக்கன்றுகள் வெயிலில் கருகாமல் இருக்க, கைதிகள் தங்கள் நிழல் கன்றின் மேல் விழுமாறு மணிக்கணக்கில் நிற்க வைக்கப்பட்டதாகத் திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள்.

அந்தத் தீவிலிருந்து வெளியேற வழி ஒன்று இருந்தது. பெயர்களைச் சொல்ல வேண்டும். நண்பர், அண்டை வீட்டார், சகோதரர், யாராக இருந்தாலும், வெளியே இன்னும் பிடிபடாதிருக்கும் ஒருவரின் பெயரை.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நடந்திருக்கிறேன். மித்ரோவிட்சாவில் மன்னரின் சிறைக் காவலர்களால் கம்யூனிஸ்டுகளை உடைக்க முடியாமல் போனதற்குக் காரணம், கைதிகள் ஒன்றாக இருந்ததும் பெயர் சொல்லாமல் இருந்ததும்தான். மொட்டைத் தீவின் அமைப்பு முழுவதும் அந்த இரண்டையும் குறிவைத்தே கட்டப்பட்டது. கைதியைக் கைதியே அடிக்க வேண்டும்; கைதியைக் கைதியே காட்டிக்கொடுக்க வேண்டும். காவலர்கள் அதிகம் கையோங்கத் தேவையே இருக்கவில்லை. ஒரு கம்யூனிஸ்டுக்கு எதில் வலிமை இருக்கிறது என்று அறியாத ஒருவரால் இதை யோசித்திருக்க முடியாது. சிறையில் இருந்து படித்தவர்களால்தான் முடியும். திட்டத்தின் ஒவ்வொரு விவரத்தையும் ரான்கோவிச் தன் கையால் வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. தலைமை முழுவதற்கும் அதில் பங்கு உண்டு, டிட்டோவுக்கு எல்லோரையும்விட அதிகமாக. ஆனால் தீவு அவருடைய அமைச்சகத்தின் பொறுப்பு. விசாரணையாளர்கள் அவருடைய ஆட்கள்.

அவருக்குத் தெரியாமல் நடந்தது என்று வாதிடுபவர்களுக்கு 1951 ஜூன் மாதத்து மத்தியக் குழுக் கூட்டத்தை நினைவூட்ட வேண்டும். உட்பாவின் சட்ட மீறல்களைப் பற்றி அங்கே அறிக்கை வைத்தவரே ரான்கோவிச்தான். 1949ல் நடந்த கைதுகளில் 47 சதவீதம் நியாயமற்றவை என்று அவர் அந்த அறிக்கையில் சொன்னார். ஒரு கம்யூனிஸ்ட் நாட்டின் பாதுகாப்பு அமைச்சர், பதவியில் இருக்கும்போதே, ஸ்டாலின் உயிரோடு இருந்த காலத்தில், இப்படி ஓர் எண்ணைச் சொன்னதை அந்த நேரத்தின் துணிவாகவே கருதுகிறேன். அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த எண்ணைக் கேட்ட பிறகும் தீவு மூடப்படவில்லை. அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் அது இயங்கியது. தவறு என்று தெரிந்ததும் நிறுத்திவிட முடியாத ஒரு பொறி அவரிடம் இருந்தது என்பதா, நிறுத்த அவர் விரும்பவில்லை என்பதா? நான் இரண்டாவது பக்கமே சாய்கிறேன். கட்சியைக் காப்பாற்றுவது என்ற ஒற்றைக் கடமையை மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் பத்தொன்பது வயதில் சிறைக்குப் போனவர், நாற்பது வயதிலும் அதையே மேலே வைத்திருந்தார். மருத்துவமனையில் அடிபட்டுக் கிடந்தபோது அவரைக் காத்த அந்த உறுதி, தீவில் அடிபட்டவர்களைக் காணவிடாமல் அவரைத் தடுத்தது.

1954 ஜனவரியில் ஜிலாஸ் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். ஆளும் கட்சியே புதியதொரு வர்க்கமாகிவிட்டது என்று எழுதியதற்காகப் பின்னர் சிறை சென்றார். அவரை அடைத்த சிறைகளில் மித்ரோவிட்சாவும் ஒன்று. கொசோவோவில் 1955-56 குளிர்காலத்தில் ஆயுதங்களைக் கைப்பற்றுவதாகச் சொல்லி உட்பா அல்பேனிய ஊர்களில் நடத்திய சோதனைகளும் அடி உதைகளும் ஒரு தலைமுறைக்கு மறக்காத கசப்பை விட்டுச் சென்றன. செர்பியாவின் கிரால்யேவோ நகரம், அதாவது ‘மன்னரின் ஊர்’, 1949 முதல் 1955 வரை அவருடைய பெயரால் ரான்கோவிச்செவோ என்று அழைக்கப்பட்டது. 1963ல் அவர் நாட்டின் துணை அதிபரானார். டிட்டோவுக்குப் பிறகு அவர்தான் என்று எல்லோரும் எண்ணினார்கள்.

1966 ஜூலை 1 அன்று பிரியோனித் தீவில் மத்தியக் குழு கூடியது. டிட்டோவின் இல்லத்தில், படுக்கையறை வரை, ஒட்டுக் கேட்கும் கருவிகள் கண்டுபிடிக்கப்பட்டதாகவும், உட்பா கட்சிக்கும் மேலே போய்விட்டதாகவும் குற்றச்சாட்டு. சான்றுகளைத் திரட்டியது இராணுவத்தின் உளவுப் பிரிவு, அதாவது பழைய ஓஸ்னாவின் மற்றொரு பாதி. அந்தச் சான்றுகள் பொதுவில் சோதிக்கப்படவே இல்லை. பொருளாதாரச் சீர்திருத்தத்தையும் குடியரசுகளுக்கு அதிகாரம் பகிர்வதையும் விரும்பியவர்களுக்கு, மையத்தின் பிடியை வலியுறுத்திய அவர் தடையாக இருந்தார் என்பதே உண்மைக் காரணம் என்று நான் கருதுகிறேன். அந்தக் கூட்டம் நடந்த விதத்தை வாசிக்கும்போது, அது அவருக்கு எவ்வளவு பழக்கமான முறை என்ற எண்ணம் வந்து போகிறது: முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர் தன் தவறை உணர வேண்டும், தோழர்கள் ஒவ்வொருவராக எழுந்து அவரைக் கண்டிக்க வேண்டும். அவர் பதவிகளை விட்டு விலகினார். இலையுதிர் காலத்தில் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். டிசம்பரில், டிட்டோவின் யோசனைப்படி, அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. வழக்கு நடந்திருந்தால் அவர் பேசியிருக்கக் கூடும்.

அவர் பேசவில்லை. பதினேழு ஆண்டுகள் பெல்கிரேடிலும் துப்ரோவ்னிக்கிலும் ஓய்வூதியத்தோடு அமைதியாக வாழ்ந்தார். நாளிதழ்களில் அவர் பெயர் வராது. அவரைப் பார்க்க வருபவர்களை அவர் உருவாக்கிய துறையே, வேறு பெயரோடு, கவனித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டுகளில் அதே பெல்கிரேடின் தெருக்களில் மொட்டைத் தீவிலிருந்து திரும்பியவர்களும் நடமாடினார்கள். தீவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்; பலர் தங்கள் மனைவியிடமோ கணவரிடமோகூடச் சொல்லவில்லை. அவர்களுடைய கோப்புகளும் அதே துறையின் அலமாரிகளில்தான் இருந்தன. 1980ல் டிட்டோ இறந்த பிறகே அவர்களில் சிலர் வாய் திறந்தார்கள்.

1983 ஆகஸ்டில் ரான்கோவிச் துப்ரோவ்னிக்கில் மாரடைப்பால் இறந்தார். பெல்கிரேடின் ‘புதிய கல்லறைத் தோட்டம்’ என்ற இடுகாட்டில் அவரை அடக்கம் செய்த நாளில், அழைப்போ அறிவிப்போ பெரிதாக இல்லாமலே பல்லாயிரக்கணக்கானோர் திரண்டு ‘லெகா, லெகா’ என்று குரல் எழுப்பினார்கள். அவர்களில் பலருக்கு அவர் பழைய பார்ட்டிசானும் அல்ல, பாதுகாப்பு அமைச்சரும் அல்ல; மற்றவர்களால் வீழ்த்தப்பட்ட ஒரு செர்பியர். கட்சிக்காகவே வாழ்ந்த ஒருவரைக் கட்சிக்கு எதிராக முழங்கிய கூட்டம் வழியனுப்பியது. சாதாரண உடையில் வந்திருந்த பாதுகாப்புத் துறையினர் அந்தக் கூட்டத்துக்குள் நின்று, வந்தவர்கள் யார் யார் என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள்.